நான்காவது வளைகோடு

"நான் போகட்டுமா, ஆயூ?" என்று பெய்ஜுன் என்னைக் கேட்டாள்.

"அது உன் இஷ்டம்."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"ஜெர்மனியில குளிர் ஜாஸ்தி. நல்ல கோட்டா ஒண்ணு வாங்கிக்க."

அவள் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். தைவானில் எங்கள் ஊரான சின்ச்சுவின் காற்று வழக்கம்போல ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உங்கள் மின்னஞ்சலில் நீங்கள் கேட்டிருப்பது, நாம் சேர்ந்து எழுதும் மென்பொருளில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றித்தான். பழைய கம்பைலருக்காக நான் சேர்த்த வரி அது. இனி நீக்கிவிடலாமா என்கிறீர்கள். தாராளமாக நீக்கலாம். எதற்காக அதைச் சேர்த்தேன் என்றும் கேட்டிருப்பதால் சொல்கிறேன்.

பெய்ஜுன் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு வகை வளைகோடுகளுக்கெல்லாம் ஒரு குறிப்பிட்ட எண் பூஜ்யமாகத்தான் வரும் என்று நிரூபித்திருந்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜெர்மனியில் அவளுக்கு வேலை கொடுக்க முன்வந்தார்கள். கட்டுரையை அனுப்பும் முன் சில வளைகோடுகளைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட ஆசைப்பட்டாள். எல்லோருக்கும் இலவசமாக நாம் எழுதித் தரும் இந்த மென்பொருளை அவள் மடிக்கணினியில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். முதல் மூன்றுக்கும் பூஜ்யம். நான்காவதற்கு இரண்டு.

"ஒண்ணு தப்புனாலே மொத்தமும் போச்சு," என்றாள். "எங்க சறுக்கினேன்னே தெரியல. ஆயூ, ஒருவேளை கம்பைலர் ஏதாவது குழப்புதோ?"

"பரீட்சையில ஃபெயிலானவன் பேனாவைக் குறை சொல்ற மாதிரி இருக்கு," என்று சிரித்தேன்.

நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். உலகமே அதை நம்பி நடக்கிறது. விடை தவறினால் முதலில் நம்மைத்தான் சந்தேகிக்க வேண்டும், கம்பைலர்மேல் பழி போடுகிறவன் கத்துக்குட்டி என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பாடம். பெய்ஜுனுக்கும் அது ஊறியிருந்தது. தன்னையே சந்தேகித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் அதே கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். இரண்டு. கம்பைலர் வேகத்துக்காகச் செய்யும் குறுக்கு வேலைகளை நிறுத்திவிட்டுப் போட்டேன். பூஜ்யம். ஒரு கூட்டலில் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஒன்றை, அவசரத்தில் கம்பைலர் விட்டுவிடுகிறது. அவள் நிரூபணத்தில் ஒரு குறையும் இல்லை.

சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

"நாளைக்கு ஜெர்மனிக்கு எழுதிடறேன், வரலன்னு," என்றபடி அரிசி நூடுல்ஸைப் பரிமாறினாள் பெய்ஜுன். "தப்பான கணக்கைத் தூக்கிட்டுப் போய் அங்க என்ன பண்றது?"

உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அதற்காக என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு யாரும் தவறான விடையால் ஏமாறக்கூடாதே. அந்தக் கூட்டல் வரும் பகுதியை மட்டும் குறுக்கு வேலை இல்லாமல் மாற்றும்படி கம்பைலருக்குச் சொல்கிற வரியைச் சேர்த்தேன். அந்த வாரமே அது எல்லா நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு மாற்றுவழியைச் சேர்க்கிறவர், கம்பைலர் தவறிய கணக்கையும் அதன் சரியான விடையையும் சோதனைக்காகக் கூடவே வைக்க வேண்டும் என்பது நம் விதி. அதையும் ஒழுங்காகச் செய்தேன்.

பெய்ஜுனின் கணினி மட்டும் என் கையில் இருந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த வரியை எடுத்துவிட்டு அவளுக்கு ஏற்றித் தந்தேன். கம்பைலரை எழுதியவர்களே பிழையைத் திருத்திய பிறகு, அவளுடையதில் பழைய கம்பைலரை விடாமல் காப்பாற்றி வந்தேன். லேசான வேலை இல்லை. குடும்பம் என்றால் சிரமப்படத்தான் வேண்டும்.

அவள் டியூஷன் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். விடுமுறை நாட்களில் எப்போதாவது நான்காவது வளைகோட்டை மறுபடி போட்டுப் பார்ப்பாள். இரண்டு. நான் தேநீர் போட்டுக் கொடுத்துத் தோளில் தட்டுவேன்.

"நீ மட்டும் இல்லன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிருக்கும்," என்பாள்.

நிம்மதியான வருடங்கள் அவை.

உங்கள் கேள்வி நம் மின்னஞ்சல் குழுவில் வந்தது. பெய்ஜுனும் அந்தக் குழுவில் இருக்கிறாள், இன்னமும் அதைப் படிக்கிறாள் என்பது என் நினைவில் இல்லை. அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"என் மெஷின்ல எந்தக் கம்பைலர் இருக்கு?"

"புதுசுதான். ஏன்?"

"சும்மா."

சீமைப் பனிச்சைப் பழத்தை நறுக்கி என் பக்கம் தள்ளினாள். அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

மறுநாள் அவள் கணினியின் கடவுச்சொல் மாறியிருந்தது. நான் உள்ளே வந்ததும் தொலைபேசியை வைத்தாள். டியூஷன் முடிந்து நேரம் கழித்து வந்தவளிடம் எங்கே போனாய் என்று கேட்டேன்.

"லைப்ரரிக்கு. அங்க கம்ப்யூட்டரெல்லாம் நல்லா வேலை செய்யுது," என்று சிரித்தாள்.

சந்தேகம் ஒரு வீட்டை எப்படி அரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் மனைவி என்னிடம் எதையோ மறைத்தாள். அது என்னை மிகவும் வருத்தியது.

சனிக்கிழமை காலை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். நான் சேர்த்த சோதனைக் கணக்கு. அதன் கீழே விடை, பூஜ்யம். அதற்கும் கீழே என் பெயர்.

"இது என்னோட வளைகோடு."

"ஆமா."

"லைப்ரரியில பூஜ்யம். டியூஷன் சென்டர்ல பூஜ்யம். நம்ம வீட்ல மட்டும் ரெண்டு. ஊருக்கெல்லாம் சரி பண்ணிக் குடுத்துட்டு, தப்பை எனக்குன்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்க. இல்ல?"

நான் மறுக்கவில்லை.

"வேற கணக்கே கிடைக்கலையா உனக்கு, சோதனைக்கு வைக்க?"

"இருக்கிறதுலயே சின்ன உதாரணம் அதுதான்," என்றேன். "சின்னதா வைக்கணும்னு விதி."

அவள் அழவில்லை. வாசலில் ஒரு பெட்டி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அதன்மேல் ஒரு கோட் மடித்துக் கிடந்தது. நல்ல கனமான கோட். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"இப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டியா, ஆயூ?"

"போகாத, பெய்ஜுன்," என்றேன்.

இத்தனை வருடங்களில் நான் அவளைத் தடுத்தது அதுதான் முதல் தடவை.