துறவிப் பொந்தின் சாட்சி

மூட்டுவலிக்காரன் கடலோரத்தில் குடியிருக்கக் கூடாது என்பார்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் கெர்மோர் தீவில் இருந்துவிட்டேன். இந்த நாற்காலியில் ஒரே பக்கமாக ரொம்ப நேரம் உட்கார முடியாது, மேடம். நான் நெளிந்தால் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. வக்கீல் வேண்டாம் என்றதும் அதனால்தான்.

ரென் நகரத்தில் நான் சரித்திர வாத்தியாராக இருந்தேன். ஓய்வுபெற்ற கையோடு ஒரு கோடைக்காலம் மட்டும் தங்கலாம் என்று தீவுக்கு வந்தேன். தீவிலிருந்த மடத்துத் தங்கத்தின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும், இந்தப் பிரெத்தோன் பிரதேசத்தில் அது தெரியாதவர் யார்? புரட்சியில் ராஜாவின் தலையை வெட்டிய வருஷம், பாரிஸிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட துறவிகள் மடத்துப் பொன்னையெல்லாம் பெட்டிகளில் அடைத்து, ஒரு படகுக்காரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் எங்கோ புதைத்தார்கள். பிறகு துறவிகள் திரும்பவில்லை. படகுக்காரன் மட்டும் திரும்பினான்.

இதில் எது நம்பத்தக்கது என்று பார்ப்பதுதான் என் நோக்கம். தங்கம் வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. ஒரு செய்தி கிடைத்தால் அதை முதலில் சொன்னவன் யார், அவன் அங்கே இருந்தானா, சொல்வதால் அவனுக்கு என்ன ஆதாயம், அவனை அறியாத வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கண்ணோடு தேடினால் அலுப்புதான் மிஞ்சியது. பாதிரியார் எழுதிய புத்தகம் ஒரு பழைய செய்தித்தாளைப் பார்த்து எழுதியது. செய்தித்தாள்காரனுக்குச் சொன்னவர் தீவின் விடுதிக்காரர். விடுதிக்காரருக்குச் சொன்னது படகுக்காரனின் பேரன். எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் ஒரே சமையலறையில் போய் நின்றேன். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர், அந்தப் பேரனுடைய பேரப்பிள்ளைகள். ஃபான்ஷ் கெரோமன், அவர் தங்கை சொவாசிக். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

சொவாசிக் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். ஃபான்ஷ் எடுப்பார். மதுக்கடையில் ஒரு குவளை சைடர், அதுதான் ஆப்பிள் மது, வாங்கிக் கொடுத்தால் ஒரு குகையைக் காட்டுவார். இரண்டாவது குவளைக்கு வேறு குகை. பெட்டிகள் ஒருநாள் மூன்றாக இருக்கும், ஒருநாள் ஏழாக இருக்கும்.

"என்ன வாத்தியாரே, கேள்விப் பையத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்பார், என்னைக் கண்டதும்.

"போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே."

"போன வாரம் நீங்க வாங்கிக் குடுத்தது மட்டமான சரக்கு. அதுக்கு அவ்வளவுதான் கதை வரும்."

கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெல்ஜியத்திலிருந்து வந்த பல் டாக்டர் வெர்ஹெய்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதுவான மனிதர். ஃபான்ஷ் ஏதோ சொன்னதை நம்பி மடத்துச் சுவருக்கு அடியில் தோண்டினார். மணல் சரிந்து அவரை உயிரோடு மூடிவிட்டது. அவருடைய மனைவி தீவுக்கு வந்து இரண்டு நாள் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமும் ஃபான்ஷ் கடைக்கு வந்தார், யாரோ வாங்கிக் கொடுத்தார்கள், கதை சொன்னார். ஒரே ஒரு சாட்சி, அதுவும் பொய் சாட்சி என்றால் இன்னும் எத்தனை பேர் போவார்கள் என்று யோசித்தேன். உண்மை தெரிந்துவிட்டால் அதோடு எல்லாம் ஓய்ந்துவிடும். நான் செய்தது அதற்காகத்தான்.

மனிதன் எப்போது பொய் சொல்ல மாட்டான் என்பது பழைய கேள்வி. அதற்குப் பதில் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. சாகக் கிடப்பவன் சொல்வதற்கு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒரு மதிப்பு உண்டு. அவனுக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை அல்லவா.

மார்ச் மாதம், கடல் மிகவும் வற்றுகிற நாட்களில்தான் துறவிப் பொந்தில் இறங்க முடியும். பாறையில் செங்குத்தாக ஒரு கிணறு மாதிரி. அடியில் கடலோடு சேருகிற சின்ன வழி. ஆள் நுழைய முடியாது, தண்ணீர் நுழையும். அந்தத் தலைமுறைத் தீவுக்காரர்கள் பலரைப் போல ஃபான்ஷுக்கும் நீச்சல் தெரியாது. பாட்டன் உள்ளே ஒரு சிலுவை செதுக்கி வைத்திருப்பதாக ஃபான்ஷ் பல தடவை சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்றும் இருக்காது என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் முற்பகலில் நூலேணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே என் வாசலில் வந்து நின்றார். அந்த வயதிலும் அவர் இறங்கிய விதம் பார்க்க நன்றாக இருந்தது.

சிலுவை இல்லை. "கடல் தின்னுடுச்சு போலிருக்கு" என்று கீழேயிருந்து சொன்னார். நான் நூலேணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

முதலில் அவர் சிரித்தார். "வாத்தியாரே, விளையாட்டெல்லாம் கரையில வச்சுக்கலாம். ஏணியப் போடுங்க."

"தங்கம் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு, இருக்கு. மேல வந்து காட்டுறேன்."

இது ஏணிக்காகச் சொன்ன பதில். அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது, பெட்டிகள் மடத்துக் கிணற்றில் இருப்பதாகச் சொன்னார். அதுவும் ஆதாயத்துக்காகத்தான். இடுப்புக்கு வந்தபோது குரல் மாறியது.

"ஒண்ணுமே இல்ல வாத்தியாரே. எங்க பாட்டன் விடுதிக்காரன்கிட்ட ஓசியில குடிக்க இட்டுக்கட்டினது. எங்கம்மா மேல ஆணை. போதுமா?"

நான் எதிர்பார்த்திருந்த பதில் அதுதான். ஆனால் எதிர்பார்த்த பதில் வந்தால் ஆராய்ச்சிக்காரன் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். என்னைத் திருப்திப்படுத்தச் சொல்கிறாரோ என்னவோ. "இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். நெஞ்சளவு வந்ததும் தங்கம் இருக்கிறது என்றார். பிறகு எது வேண்டுமோ அதையே எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம், பிரெத்தோன் மொழியில், திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் வாயை எட்டும் வரை அதையேதான் சொன்னார்.

அவர் யாரையும் ஏமாற்ற நினைக்காமல் பேசியது அது ஒன்றுதான். அந்த மொழி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசினால் பிள்ளைகளை அடிப்போம். அந்தப் பழக்கத்தில் காதை மூடியே வைத்துவிட்டேன்.

ஒலி மறந்துவிடுமோ என்று பயந்து, முணுமுணுத்துக்கொண்டே நேராகச் சொவாசிக்கிடம் போனேன். அவள் இரும்புக் கல்லில் அப்பம் வார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"இத எங்க கேட்டீங்க?"

"உங்க அண்ணன் சொன்னாரு."

"சின்னப் புள்ளையில சொன்னது. அதுக்கப்புறம் சொன்னதே இல்லையே. அவரு எங்க?"

"பொந்துல."

கடல் ஏறுகிற நேரம் அவளுக்கும் தெரியும். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கல்லில் அப்பம் கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அவள் திரும்பி வந்து அர்த்தம் சொல்லட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆட்கள் வந்தபோதும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். ஓடிப்போக நினைக்கவில்லை, கவனித்திருப்பீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவரை இறங்க வைத்தேன், ஏணியை இழுத்தேன், ஏணி கையில் இருந்தும் போடவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

இன்று காலையில் சொவாசிக்கின் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "குளிருது, சொவாசிக், கதவத் திற" என்பதுதான் அந்த வாக்கியமாம். சின்ன வயதில், அப்பா குடித்துவிட்டு வந்து அவரை வெளியே தள்ளித் தாழ்போட்டால், வாசலில் நின்று தங்கையை அப்படிக் கூப்பிடுவாராம். 

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவள் இறந்தவருடைய தங்கை; அந்தக் குடும்ப ரகசியத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. அவள் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, மேடம். அவர்கள் இருவரையும் தெரியாத, அந்த மொழி தெரிந்த ஒருவரை நாளைக்கு அழைத்து வாருங்கள். ஒலி எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அவரிடம் சொல்லிக் காட்டுகிறேன்.