அக்கா என்று எழுதிய பட்டன்

ஒரு பட்டனின் மேல் ஒரு சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. அழுத்த வருகிறவரைப் படித்துக்கொண்டு நிற்க வைக்கக் கூடாது. கண் பட்டதும் கை போக வேண்டும்.

கணினித் திரையில் திறக்கும் ஜன்னல்களைச் செய்வது என் தொழில். மருந்துக் கடை, நூலகம், லாரி ஷெட் என்று பலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் ஆயத்தமாகவே கிடைக்கும். எதை எங்கே வைப்பது, எதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுவதுதான் என் வேலை. கல்யாணமான புதிதில் என் மனைவி எல்லோரிடமும், "எங்க வீட்டுக்காரர் ஜன்னல் செய்யறாரு. காத்துதான் வராது" என்பாள். நான் பேச்சில் கஞ்சன். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளிடம் மிச்சமிருந்தவை கண்களும் வலது கை ஆள்காட்டி விரலும்தான். புத்தி மட்டும் பழையபடி தெளிவாக இருந்தது. அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் சமையலறையில் போய் நின்று அழுதிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்காக ஒரு ஜன்னல் செய்தேன். நான் செய்ததிலேயே நல்ல ஜன்னல் அதுதான். தண்ணீர், வலி, புரட்டு, வா என்று பெரிய பெரிய பட்டன்கள். மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொன்றின் மேலும் சற்று நின்று அடுத்ததற்கு நகரும். வேண்டியதன் மேல் வெளிச்சம் வரும்போது அவள் விரலை அசைத்தால் போதும். விரலுக்கடியில் இருக்கும் மவுஸ் 'டிக்' என்னும், பக்கத்து அறையில் என் மேஜையில் மணி அடிக்கும். எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடுவேன்.

ஐந்தாவது பட்டன் அவளுடைய அக்கா கேட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த ரகம் அக்கா. மாடிப்படியில் ஏறும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிடும். வந்ததும் தங்கைக்குத் தலை வாரிவிடுவார், படுக்கை விரிப்பை மாற்றுவார், நான் மடித்த துணியை உதறி மறுபடி மடிப்பார். அவர் பேசப் பேச என் மனைவியின் கண்கள் சிரிக்கும். ஒரு நாள் சொன்னார்:

"தம்பி, நான் இவள என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஒரு ஆளா எத்தனை நாளுக்குத் தாங்குவீங்க?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தைத்தது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

"நீங்க வந்து வந்து போறது அவ மனசக் கலக்குதுக்கா. நீங்க போன பிறகு ரொம்ப நேரம் அழறா" என்றேன். அழுதாள் என்பது பொய்யில்லை. யாருக்காக அழுதாள் என்பதுதான் கேள்வி.

அக்கா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். பிறகு, "அப்படின்னா எனக்கும் ஒரு பட்டன் வைங்க. அவளுக்கு எப்ப வேணுமோ அழுத்தட்டும், என் போனுக்கு மெசேஜ் வரட்டும். அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துடறேன். அவளாக் கூப்பிடாம வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார். தங்கையின் காதருகே குனிந்து, "கூப்பிடுவல்ல?" என்று கேட்டார். அவள் விரலை அசைத்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஜன்னலைப் பார்வைக்கு மட்டும் முடித்துக் காட்டுவோம். பட்டனை அழுத்தினால் உள்ளே போய் வரும், கீழே ஒரு பதிலும் தோன்றும். பின்னால் ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர் அழுத்திப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகுதான் ஒவ்வொன்றாக இணைப்போம். அக்கா முன்னாலேயே அந்தப் பட்டனை வைத்தேன். அவர் அழுத்திப் பார்த்தார். 'அக்காவுக்குச் செய்தி போய்விட்டது' என்று கீழே வந்தது. "போனுக்கு வரலையே" என்றார். "சாயந்தரம் இணைச்சிடறேன்" என்றேன். அவர் என்னை நம்பிப் போனார்.

இணைக்க ஒரு வரி எழுதினால் போதும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன் என்று சொல்லலாம். அது உண்மையில்லை. நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வேலை செய்யாத பட்டனை மங்கலாக்கி வைப்பதுதான் முறை. பார்த்ததுமே இது இப்போது ஆகாது என்று தெரிந்துவிடும். அப்படிச் செய்திருந்தால் அவள் மனம் நொந்துபோயிருக்கும். அதனால் மற்றவற்றைப் போலவே பளிச்சென்று விட்டிருந்தேன்.

அவள் அழுத்தினாள். இரண்டு அறைக்கும் நடுவே கதவைத் திறந்தே வைத்திருப்பேன். 'டிக்' சத்தத்தைத் தொடர்ந்து மணி அடித்தால் தண்ணீர், அல்லது வலி. 'டிக்' கேட்டு மணி அடிக்காவிட்டால் அக்கா. வேலை செய்துகொண்டே காது அதற்குப் பழகிவிட்டது. அழுத்திய பிறகு வாசல் பக்கம் கண்ணைத் திருப்பி வைத்துக்கொள்வாள். மாடிப்படியில் யாராவது ஏறினால் விரல் நடுங்கும். எதிர் வீட்டுக்காரர்தான் ஏறிப் போவார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவி, "அக்காவுக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா. வராம எங்க போயிடப் போறாங்க" என்பேன். அக்கா போன் செய்வார். "மெசேஜே வரலையே, அழுத்தினாளா தம்பி?" "இல்லக்கா. நல்லா இருக்கா." "என் மேல கோபமா இருக்காளோ?" "அதெல்லாம் இல்லக்கா, விடுங்க." அவர் பெருமூச்சு விடுவது கேட்கும். இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மணியில்லாத 'டிக்' குறைந்து, பிறகு நின்றேபோனது. அவளுக்கு மனம் அடங்கிவிட்டது, நான் போதும் என்று ஆகிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். மறைப்பதற்கில்லை.

அடுத்து மணியும் குறைந்தது. புரட்டு என்று கேட்பதில்லை. வலி என்று சொல்வதில்லை. மஞ்சள் வெளிச்சம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், விரல் மவுஸின் மேல் சும்மா கிடக்கும். மவுஸ் பழுதாகிவிட்டதோ என்று புதிதாக வாங்கி மாற்றினேன். கரண்டியால் தண்ணீர் ஊற்றினால் விழுங்காமல் ஓரத்தில் வழியவிட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "உடம்பு இன்னும் தாங்கும். மனசுதான் விட்டுடுச்சு. நெருங்கின சொந்தம் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். நான் இருக்கிறேனே என்றேன்.

ஒரு மத்தியானம் போய்விட்டாள். கண் வாசல் பக்கம் இருந்தது.

அக்கா வந்தார். முதல்முறையாகப் படியில் அவர் குரல் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். ஜன்னலை நான் மூடியிருக்கவில்லை, வெளிச்சம் சுற்றிக்கொண்டிருந்தது. "கடைசி வரைக்கும் என்னக் கூப்பிடவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே, தங்கையின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். 'அக்கா'வின் மேல் வெளிச்சம் வந்ததும் அழுத்தினார். செய்தி போய்விட்டது என்று திரையில் வந்தது. மடியில் இருந்த போனைப் பார்த்தார். வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை காத்திருந்து மறுபடி அழுத்தினார்.

"தம்பி, இத எத்தனை தடவை அழுத்தியிருப்பா?"

"அது இன்னும் இணைக்கலக்கா. ஒரு வரிதான் பாக்கி" என்றேன். அன்றைக்கே அவர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

எழுத்துகளை வைத்து ஒரு ஜன்னல் ஏன் செய்து தரவில்லை, அவளே எழுதியிருப்பாளே என்று நீங்கள் கேட்டீர்கள். டாக்டரும் கேட்டார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் வெளிச்சம் சுற்றி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பாவம் களைத்துப்போவாள் என்றேன். வரிசை வரிசையாகப் பிரித்துச் செய்தால் சுலபம். அதுவும் எனக்குத் தெரியும்.

அக்கா வருவார் என்று நம்ப வைத்தேன், வரவிடாமல் செய்தேன், அவள் காத்திருந்தே செத்தாள். இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் நான் கெட்ட புருஷன் என்று மட்டும் எழுதாதீர்கள். படுத்த நாளிலிருந்து கடைசி வரை என் மேல் ஒரு குறை அவள் சொன்னதில்லை. வேண்டுமானால் அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள்.