விஸ்கான்சினில் எண்ணி முடித்தார்கள்

வளைகுடாவில், ருவைஸில் டியூட்டி முடிந்து கேம்ப்புக்குத் திரும்பும் கம்பெனி பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்:

"விஸ்கான்சின்ல எண்ணி முடிச்சுட்டாங்கண்ணே. இனி நான் ஊருக்குப் போகலாம்."

"அமெரிக்காக்காரன் ஓட்டு எண்றதுக்கும் நீ ஊருக்குப் போறதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"எங்க சைட் மேனேஜர் அந்த மாநிலத்து ஆளுண்ணே. ஜனாதிபதி தேர்தல்னு நேத்துலேர்ந்து போன்ல இருந்து கண்ணையே எடுக்கல. என் லீவு பேப்பர் மேஜையிலயே கிடந்துச்சு. வீட்டுல இந்த வாரம் பிரசவம்."

"அவரு கட்சி ஜெயிச்சிருச்சா?"

"தோத்துருச்சுண்ணே. போச்சுடா, இன்னைக்கும் கையெழுத்து கிடைக்காதுன்னு நினைச்சேன். அவரே கூப்பிட்டு, 'முதல் குழந்தையா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'யல்லா, கிளம்பு'ன்னு கையெழுத்தைப் போட்டுட்டாரு."

"அப்புறம் ஏண்டா அழுற?"

"தெரியலண்ணே."

கண்ணைத் துடைத்துக்கொண்டே மனைவிக்குப் போன் போட்டான். மறுமுனையில் எடுத்ததும் சொன்னான்:

"லீவு கிடைச்சிருச்சு. நாளைக்கு வந்துருவேன். அதுவரைக்கும் புள்ளையக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."