நீல மெத்தை

காற்று மெத்தையை வாயால் ஊதுவதுதான் நல்லது, ஐயா. பம்ப் வைத்து அடித்தால் ஓரத்து ஒட்டு விட்டுவிடும். அன்று காலையும் இரண்டு மெத்தைகளையும் நான்தான் ஊதிக் கொடுத்தேன். மாடியில் தங்கியிருந்த ஹோர்ஸ்டுக்குச் சிவப்பு, அவர் மனைவி எல்கேவுக்கு நீலம். எல்கேவுக்கு நீந்தத் தெரியாது. மெத்தை இருந்தால்தான் தண்ணீரில் இறங்குவாள்.

விருந்தாளிகளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. ஜூன் பிறந்தால் இந்தக் கரையில் எல்லோரும் செய்வதுதான். மாடியையும் கட்டிலையும் ஜெர்மன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் என் கணவர் ஷிமேயும் கீழே ஒயின் பீப்பாய்களோடு படுத்துக்கொள்வோம். கொசு எங்களுக்கு, கடல் அவர்களுக்கு. "விடுமுறைன்னா குரோஷியாதான்" என்று சொல்லிக்கொண்டு ஹோர்ஸ்ட் வருஷா வருஷம் வந்தார். முதலில் "உங்க வீடு" என்றார். அப்புறம் "நம்ம வீடு" என்றார். இந்த வருஷம் என் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஃப்ரானிக்கா, இதை இடிச்சிரலாம். அந்த அத்தி மரத்தையும் வெட்டிட்டா கார் நிறுத்த இடம் கிடைக்கும். என்ன சொல்ற?"

நான் ஷிமேயைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"வீட்டை இவருக்கே வித்துடலாம்னு பேசியாச்சு. திங்கக்கிழமை கையெழுத்துடி. நமக்கும் வயசாகுது. ஸாதர் டவுன்ல லிஃப்ட் வச்ச வீடா பாத்துக்கலாம்."

வீடு என் அப்பா கட்டியது. கல்யாணத்தின்போது ஷிமே பேருக்கு எழுதிக் கொடுத்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். ஹோர்ஸ்ட் ஈரக் காலோடு என் தரையில் நடப்பார், நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மலை தொப்பி போட்டிருந்தது. நீங்கள் ஸாக்ரெப் நகரத்திலிருந்து விசாரிக்க வந்தவர், கடற்கரைச் சங்கதி உங்களுக்குத் தெரியாது. வானத்தில் பொட்டு மேகம் இராது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். மலை உச்சியில் மட்டும் வெள்ளையாக ஒரு மேகம் உட்காரும். அன்று எங்கள் ஆட்கள் யாரும் படகை அவிழ்க்கமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மலைக்காற்று இறங்கி, மிதப்பதையெல்லாம் நடுக்கடலுக்கு வாரிக்கொண்டு போகும். விருந்தாளிகளுக்கு அதுதான் நல்ல நாள்.

"கடல் எப்படி?" என்று ஹோர்ஸ்ட் கேட்டார்.

"இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பாறைக்கு அந்தப் பக்கம் போங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்."

பொய் இல்லை, ஐயா. அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

அவர்கள் கடலுக்குப் போனபிறகு காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். காற்றின் முதல் வீச்சிலேயே கொடித் துணி பறந்தது. படகுக்கார மாத்தே துறையிலிருந்து கத்தினான்.

"ஏ ஃப்ரானிக்கா! உன் ஜெர்மன்காரங்க தண்ணியில இருக்காங்களா? இப்பவே சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம் போனா என்னாலயும் போய்க் கூட்டிட்டு வர முடியாது!"

"இல்ல மாத்தே, ரெண்டு பேரும் மாடியில தூங்குறாங்க. நீ படகைக் கட்டிட்டு வீட்டுக்குப் போ."

அவன் கட்டிவிட்டுப் போனான். நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மாடிக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.

ஆமாம், ஹோர்ஸ்டை நான்தான் அனுப்பினேன். மறைக்கப்போவதில்லை. திங்கட்கிழமை யாரும் கையெழுத்துப் போடவில்லை, அத்தி மரம் நிற்கிறது. ஆனால் எல்கே விஷயத்தை என் தலையில் கட்டாதீர்கள். அவள் நல்லவள், வரும்போதெல்லாம் எனக்குக் காப்பித்தூள் வாங்கி வருவாள். அவள் கரையிலேயே உட்கார்ந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.