என் கழுத்தை நிமிர வைத்த ஜாக்குலின் சிஸ்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் லோகநாதன் ஐயா அவர்களே, மனைவி ஜாக்குலினை இழந்து நிற்கும் ஜான் அண்ணன் அவர்களே, இன்று ஏரிக்குப் போகாமல் வந்திருக்கும் பெரியோர்களே, மீன் கூடையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் பூவிழியின் வணக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இன்று நான் பேசாமல் வேறு யார் பேசுவது? போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன கிராம சுகாதாரச் செவிலியர் ஜாக்குலின் சிஸ்டர் அவர்களுக்காக அழ மட்டுமா கூடியிருக்கிறோம்? இல்லை! அவர் ஜெயித்ததைச் சொல்லக் கூடியிருக்கிறோம்!

ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஸ்டவ் வெடித்தது. பக்கத்தில் படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் கேனும் பற்றிக்கொண்டது. எனக்குப் பதிமூன்று வயது. கழுத்து, மார்பு, இடது கை எல்லாம் வெந்துபோனது. சென்னை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "கழுத்துப் புண்ணுக்குத் தொடைத் தோலை எடுத்து வைக்கணும். இந்த உடம்புல வெச்சா ஒட்டாது. இருபத்தாறு கிலோ இருக்கா. நல்லா சாப்பிட்டு முப்பத்திரண்டு ஆகட்டும், கூட்டிட்டு வாங்க." தாமதித்தால் முகவாய் மார்போடு ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார்.

வீட்டில் எனக்கு என்ன கொடுத்தார்கள்? உப்பில்லாத கஞ்சி! மீன் கரப்பான் பண்டம், புண்ணைக் கிளறும், முட்டையும் கரப்பான், இறாலைப் பார்த்தாலே சீழ் வைக்கும் என்று ஊரே சொன்னது. சென்னைக்கே மீன் அனுப்புகிற ஊரில், ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு மீன் இல்லை!

அப்போதுதான் சிஸ்டர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"சரோஜா, பைபர் படகுல ஓட்டை வுழுந்தா இன்னா வெச்சு அடைப்பீங்க?"

"பைபர் பாய வெட்டி, பசை தடவி ஒட்டுவோம் சிஸ்டர்" என்றார் அம்மா.

"ஏன், கஞ்சி ஊத்தி அடைக்கிறது?"

"படகும் புள்ளையும் ஒண்ணா சிஸ்டர்? புண்ணு மேல கவுச்சி குடுத்தா சீழ் கட்டிக்கும்னு என் மாமியார் கத்துது."

"புதுத் தோல் வளரணும்னா மீன், முட்டை, பால், வேர்க்கடலை, இதெல்லாம்தான் பைபர் பாய். வெந்த ஒடம்பு ரெண்டு ஆள் சாப்பாடு கேக்கும்டி. நீ அரை ஆள் சாப்பாடு குடுக்குற!"

பேச்சு ஊர்க் கூட்டம் வரை போனது. அங்கே நின்று சிஸ்டர் சொன்னார்: "ஆறு வாரம் குடுங்க. மீனால இவ புண்ணு கெட்டுச்சுன்னா நான் வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போறேன்."

ஊரும் சரி என்றது. வெள்ளிக்கிழமைதோறும் மீன் ஏலக் கூடத்துத் தராசில் சிஸ்டர் என்னை நிறுத்தினார். ஊரே பார்க்கும். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். எடை போடும் ரஞ்சித்குமார் அண்ணன் விடுவாரா? "இன்னா சிஸ்டர், மடவையா, கொடுவாவா? கிலோ இன்னா ரேட்டு?" என்பார். "இது விக்கிற மீன் இல்லடா, வளர்ற மீன். முள்ளைப் பாத்து ஏமாறாத!" என்பார் சிஸ்டர். முதல் வாரம் ஒரு கிலோ ஏறியது. இரண்டாம் வாரம் அரைக் கிலோ.

மூன்றாம் வாரம் முக்கால் கிலோ இறங்கியது.

ஊர் கொதித்தது. தலைவர் ஐயா, மன்னியுங்கள், நீங்களும் கோபப்பட்டீர்கள். "புள்ளைய வெச்சு வெளையாடுறியாம்மா?" என்று கேட்டீர்கள். சிஸ்டர் தலை குனிந்து, "எம் மேலதான் தப்பு, அளவு தெரியாம குடுத்துட்டேன், சரி பண்ணிடுறேன்" என்றார்.

அது பொய். இன்று இந்த மைக்கில் உண்மையைச் சொல்கிறேன். சீழ் வைத்துவிடும் என்று பயந்து, அந்த வாரம் அம்மா கொடுத்த முட்டையையும் மீனையும் நான்தான் வீட்டுக்குப் பின்னால் மணலில் புதைத்தேன்! நாய் தோண்டிப் போட்டதை சிஸ்டர் அதற்கு முன்பே பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மதியம் டிபன் பாக்ஸோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"திட்டு நான் வாங்கிட்டேன். சாப்பாட்ட நீ துன்னு" என்றார்.

அவ்வளவுதான். அன்று நான் அழுதுகொண்டே இரண்டு மடவை மீன் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஒரு பருக்கை மண்ணுக்குப் போகவில்லை. சீழ் வைத்ததா? வைக்கவில்லை! ஆறு வாரத்தில் எடை முழுதாக ஏறவில்லை. ஆனால் புண்ணின் ஓரம் சிவந்து மூடிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த ஊர் இன்னும் ஒரு மாதம் கொடுத்தது. பத்தாவது வெள்ளிக்கிழமை ரஞ்சித்குமார் அண்ணன் கத்தினார்: "முப்பத்திரண்டே கால்!" ஏலம் நின்றது. விசில் பறந்தது. கஞ்சிதான் மருந்து என்ற என் அப்பாவைப் பெற்ற ஆயாவே எனக்குத் திருஷ்டி சுற்றினார்.

சென்னையில் ஆபரேஷன் செய்து வைத்த தோல் ஒட்டியது. பாருங்கள், இந்தப் பக்கம் திரும்புகிறேன். அந்தப் பக்கம் திரும்புகிறேன். நிமிர்ந்து உங்கள் முகங்களைப் பார்க்கிறேன். இது யாருடைய வெற்றி? ஜாக்குலின் சிஸ்டருடைய வெற்றி! அதற்குப் பிறகு இந்தக் கரையில் தீப்பட்டு வந்த ஒன்பது பேருக்கு அவரோடு சேர்ந்து நானும் சோறு கொண்டுபோனேன். ஒன்பது பேரும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

பத்தாவது ஆள் இங்கே இல்லை. தோணிரேவு கிராமத்து இளவழகன் அண்ணன் படகு எஞ்சினில் தீப்பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. அங்கேயும் கஞ்சிதான் என்று கேள்விப்பட்டேன். அவருடைய மனைவி ஐஸ்வர்யா அக்கா அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார்.

அக்கா, கூட்டம் முடிந்ததும் உங்களோடு வருகிறேன். நீங்கள் உலை வையுங்கள், மீன் நான் கொண்டுவருகிறேன். வீட்டில் யார் கோபப்பட்டாலும், ஊர் என்ன பேசினாலும், பூவிழிதான் கொடுக்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள். திட்டு எனக்கு. சாப்பாடு அண்ணனுக்கு.