நாற்பத்திரண்டாவது ஒட்டு

உங்கள் அறைக்கு வெளியே இருக்கிற குழாய் சொட்டுகிறது. வாஷர் தேய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஐந்து நிமிட வேலை. காத்திருந்த நேரத்தில் நானே மாற்றியிருப்பேன், கையில் ஸ்பானர் இல்லாமல் போய்விட்டது. இருபத்தாறு வருடமாக மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார என்னால் முடியாது.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்று தெரியும். விசாரணை முடிந்து அறிக்கை தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது என்றும் தெரியும். அதனால்தான் அவசரமாக வந்தேன். ஏழு பேர் இறந்ததற்குப் பொறுப்பு செயற்பொறியாளர் என்று அதில் இருக்கிறதாம். அது தவறு. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் செயற்பொறியாளர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே நான்தான். வேறொரு ஊரில் சாலைப் பிரிவில் கிடந்தவரை இங்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னதும் நான்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவர். வந்த ஆறாவது வருடம் தேர்வெழுதி எனக்கு மேலதிகாரி ஆனார். முறைப்படிதான் ஆனார், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் உதவிப் பொறியாளராகவே இருந்தேன்.

அலுவலகத்திலும் அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்றார்கள். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார், நடுவில் கோப்போடு நிற்கிற எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். ஒரு நாளாவது அவர் என்னை அதட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவனாக இருக்கிறவன்மேல் கோபப்படக்கூட வழி கிடையாது.

மாமியார் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. பெரிய மருமகன் என்ற முறையில் பத்து வருடம் அதில் நான்தான் உட்கார்ந்தேன். என்னை எழுந்திருக்கும்படி யாரும் சொன்னதில்லை. அவர் உள்ளே வந்தால் நானாகவே எழுந்துவிட ஆரம்பித்தேன். அவர் பதறிப்போய், "ஐயோ, நீங்க உக்காருங்கண்ணா" என்பார். மாமியார் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவர் எங்க வேணா உக்காந்துக்குவாரு, நீங்க உக்காருங்க மாப்ளே" என்பார். வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வயிறு எரிகிறவனெல்லாம் ஆளைக் கொல்வதில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலும் டிரம், குடம், வாளி. சகலை ஒரு திட்டம் போட்டார். ஒரே ஒரு வார்டில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் கொடுத்துக் காட்டுவது, சரியாக வந்தால் ஊர் முழுக்க. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதையே நான் பதினான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தவன். அப்போதிருந்த அதிகாரி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாம்" என்றார். கூட்டமே சிரித்தது. சகலைக்கு இது எப்படியோ தெரிந்து, ஆவண அறையில் மூன்று நாள் தேடி என் பதினான்கு பக்கத்தையும் எடுத்து, தன் திட்டத்தோடு பின்னிணைப்பாகச் சேர்த்தார். என் பெயரோடுதான் சேர்த்தார். பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சுவரில் மாட்டியிருக்கிற வரைபடம் மேலிருந்து வருகிறவர்களுக்குக் காட்ட. உண்மையான வரைபடம் ஆட்களின் தலையில் இருக்கும். எந்தப் பைப் எங்கே உடைந்தது, யார் எதைச் சுற்றி ஒட்டுப் போட்டது என்பதெல்லாம் எழுத்தில் ஏறாது. ஓய்வு பெறுகிறவன் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். சகலை ஒவ்வொரு வால்வு ஆளையும் தெருத் தெருவாகக் கூட்டிப்போய், கேட்டுக் கேட்டுப் புதிதாக வரைந்தார். கடைசியாக என்னிடம் வந்தார்.

"அண்ணா, எல்லார் தலையிலயும் இருந்தத கொட்டியாச்சு. உங்களது மட்டும்தான் பாக்கி."

இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன். அந்த வார்டில் நான் போட்ட ஒட்டுகள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றைச் சொன்னேன்.

நாற்பத்திரண்டாவது பள்ளிக்கூடத் தெரு முனையில் இருக்கிறது. அங்கே பழைய சாக்கடைக் குழாய் மேலேயும் குடிநீர்ப் பைப் கீழேயும் ஒரு சாண் இடைவெளியில் போகின்றன. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பைப் அங்கே விரிசல் விட்டது. ரப்பர் சுற்றி ஒரு இரும்புப் பட்டை போட்டு முடுக்கினேன். மறுநாள் வந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று போட்டதுதான். அதைச் சொன்னால் என் அரைகுறை வேலை வரைபடத்தில் ஏறிவிடுமே என்றுதான் சொல்லவில்லை என எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அது உண்மையில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன மிச்சமிருக்கும் என்று இருந்தது.

பைப்பில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியேதான் போகும், எதுவும் உள்ளே வராது. அழுத்தம் இறங்கினால்தான் சுற்றியிருப்பதைப் பைப் உறிஞ்சும். பழைய முறையில் தண்ணீரை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் இது நடந்ததுதான். ஆனால் முதல் தண்ணியைக் குடிக்கக் கூடாது என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கால் மணி நேரம் கீழே விட்டுவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். பிறகு கொதிக்க வைப்பார்கள். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வந்தால் முதல் தண்ணீர் ஏது? அந்த வார்டு ஐந்தே மாதத்தில் அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டது. மறக்கச் சொன்னவர் சகலை. தன் குடும்பத்தையும் மாமியாரையும் அந்த வார்டுக்கே குடிபெயர்த்துக் கொண்டு வந்தார். திறப்பு நாளன்று அவருடைய ஏழு வயது மகள் எல்லோர் முன்னாலும் தெருக் குழாயில் வாய் வைத்துக் குடித்தாள். அந்தப் படம் செய்தித்தாளில் வந்தது. என் மனைவி அதை வெட்டி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தண்ணீர் எடுக்கிறபோதெல்லாம் அதைப் பார்த்தேன்.

திட்டம் தானாகவே படுத்துவிடும் என்று காத்திருந்தேன். படுக்கவில்லை. வெளியூர்ப் பொறியாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள். வாசலில் இருந்த டிரம்களில் மண்ணைப் போட்டுச் செடி வைத்தார்கள். ஒரு வீட்டு அம்மா, நான் யாரென்று தெரியாமல், "உங்க ஆபீஸ்ல ஒரு இன்ஜினியர் இருக்காராமே, அவர் கையக் கண்ணுல ஒத்திக்கணும் சார்" என்றார். சொல்கிறேன் என்றேன். சகலையிடம் சொல்லவும் செய்தேன். அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூச்சத்தை என்னால் தாங்க முடியவில்லை.

திட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பொறியாளன் என்ற முறையில் அதைச் சோதித்துக் காட்டுவது என் கடமை என்று முடிவு செய்தேன்.

முதல் முறை ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை. வார்டுக்குள் தண்ணீர் நுழைகிற வால்வை மூடித் திறந்தேன். பதிவேட்டில் நேரம் போட்டு, வழக்கமான பராமரிப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எதுவும் ஆகவில்லை. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் மூடினேன். சாயங்காலம் இரண்டு தெருவில் தண்ணீர் நாறுகிறது என்று புகார் வந்தது. சகலை கால் மணி நேரத்தில் அங்கே நின்றார். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, தானே பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவி, குளோரினைக் கூட்டினார். தெருவே கைதட்டியது. இவ்வளவு வேகமாக எந்த அதிகாரி வருவார் என்று மறுநாள் செய்தித்தாளில் எழுதினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். நான் குரங்கு பிடித்தாலும் அவருக்குப் பிள்ளையாராக முடிந்தது.

அடுத்த புதன்கிழமை அவர் ஊரில் இல்லை. தன் திட்டத்தைப் பற்றிப் பேச வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தார். இரண்டு நாளாக மழை. சாக்கடை நிரம்பி ஓடியது. குளோரின் சின்னக் கலப்பைத் தாங்கும், அந்த அளவைத் தாங்காது. எனக்கு இது நன்றாகத் தெரியும்.

என் மனைவி அந்த வாரம் தங்கை வீட்டில் இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஃபோன் செய்தேன்.

"உடனே கெளம்பி வீட்டுக்கு வா. தலை ரொம்ப வலிக்குது."

"மாத்திரை போட்டீங்களா? இதோ வரேன். பாப்பாவுக்கு இன்னைக்கு லீவு, பெரியப்பாவப் பாக்கணும்னு காலைலேர்ந்து நச்சரிக்கிறா. கூட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அவ அங்கயே இருக்கட்டும்."

தலைவலி என்று சொல்லியாகிவிட்டது. குழந்தை வந்தால் சத்தம் போடும். சொன்னதற்குப் பொருத்தமாக நடந்துகொள்ள வேண்டுமல்லவா.

ஒரு மணிக்கு வால்வை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மனைவி நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். நாலு மணிக்கு, இப்போது தேவலை என்று சொல்லிவிட்டுப் போய்த் திறந்தேன். பதிவேட்டில் இந்த நேரத்தையும் சரியாகவே எழுதியிருக்கிறேன். நான் பொய் எழுதுகிறவனில்லை. பராமரிப்புப் பதிவை யாரும் படிப்பதில்லை, என் கையெழுத்து இருந்தால் சகலை நிச்சயமாகப் படிக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இருநூறு பேருக்கு மேல். ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். இறந்தவர்களில் பாப்பா நான்காவது.

பாப்பா போவதற்கு முந்தின நாளே சகலை என்னிடம் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "அண்ணா, எங்கயோ கலக்குது. வரைபடத்துல இல்லாத ஏதோ ஒண்ணு. உங்களுக்கு எதாவது தோணுதா?" என்றார்.

"பாத்துடலாம் சார்" என்றேன்.

பதினோரு இடத்தில் தோண்டினார். நானும் கூடவே நடந்தேன், குடைகூடப் பிடித்தேன். அவர் தவறான இடத்தைக் குறிக்கிறபோதெல்லாம் என் மனம் சற்று ஆறியது. பாப்பா போன மறுநாள் காலையிலும் மண்வெட்டியோடு வந்து நின்றார். அப்போதுதான் எனக்குப் போதுமென்று பட்டது. பள்ளிக்கூடத் தெரு முனையைக் காட்டினேன். தோண்டினார்கள், கிடைத்தது. அவர் சேற்றுக் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மிச்சப் பேர் பொழைச்சது உங்களாலதான் அண்ணா" என்றார். நான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான்.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் உங்கள் பொது விசாரணை நடந்ததே, அதில்தான் எல்லாம் மாறியது. கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். சகலை எழுந்து, வரைபடத்தில் விட்டுப்போனதற்குத் தான் மட்டுமே பொறுப்பு, வேறு யாரையும் கேட்க வேண்டாம் என்றார். மனைவியைப் பறிகொடுத்த ஒரு தையல்காரர் எழுந்து அவரை நோக்கி நடந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்களும்தான் பிள்ளையக் குடுத்திருக்கீங்க சார்" என்று அழுதார். அரங்கமே எழுந்து நின்றது. என் பக்கத்தில் இருந்தவளும் எழுந்து நின்றாள். "மனுஷன்னா இவர்தான்" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், "அன்னைக்கு ஏன் என்னை மட்டும் வரச் சொன்னீங்க?" என்று கேட்டாள். தலைவலி என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்தப் பயத்தில் வந்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பொறாமை என்றும் எழுதாதீர்கள். நடந்ததை நடந்தபடி பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பதிவேடு இது, மூன்று தேதியையும் கோடிட்டிருக்கிறேன். வால்வுச் சாவியும் பையில் இருக்கிறது. மூடியவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்தே மூடினேன். குழந்தையோடு சேர்த்து ஏழு பேரையும் கொன்றவன் நான். சகலைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, இதை அழுத்தமாக எழுதுங்கள். இருபத்தாறு வருடத்தில், யாருடைய உதவியும் இல்லாமல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை நான் தனியாகச் செய்து முடித்த வேலை இது ஒன்றுதான். இதையும் அவர் பெயரில் எழுதினால் எப்படி?