நிலுவை இல்லாத மேசை

மேசை கலைந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. கோபித்துக்கொள்ளாதீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் மேசையைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது. இந்தக் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். சரி, வேண்டாம். நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். பதினொரு பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள், இன்னும் எட்டுப் பேரைக் காணோம். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒளிக்க நான் என்ன திருடனா?

நான் வேலை பார்ப்பது ஒரு டேட்டிங் ஆப் கம்பெனியின் புகார்ப் பிரிவில். ஆப்பில் பேசிப் பழகுகிறவர்களின் மனத்தாங்கல் எல்லாம் எங்கள் தளத்துக்குத்தான் வந்து சேரும். படத்தில் முடி இருந்தது, நேரில் இல்லை என்பார் ஒருவர். முதல் சந்திப்புக்கே அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பார் இன்னொருவர். ஒவ்வொன்றையும் படித்து, திரையில் இருக்கும் பட்டியலிலிருந்து பொருத்தமான காரணத்தைத் தேர்ந்து மூட வேண்டும். ஒரு புகாருக்கு நான்கு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நாற்பது விநாடி. அலுவலகத்தில் என்னைத் துடைப்பம் என்பார்கள், பாராட்டாகத்தான். சுவர்ப் பலகையில் என் பெயருக்கு நேரே இருக்கும் நிலுவைக் கட்டத்தில் பதினான்கு மாதமாகப் பூஜ்யம்தான்.

ஆட்கடத்தலைப் பற்றிச் சொல்லித்தரவில்லை என்று கம்பெனிமேல் பழி போட மாட்டேன். அரைநாள் வகுப்பே வைத்தார்கள். பாடம் எடுத்த அம்மாள் மூன்று அறிகுறி சொன்னார். பழகிய சில நாளிலேயே வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுவது. டிக்கெட்டைத் தானே எடுத்துத் தருவது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வது. மூன்றும் சேர்ந்து வந்தால் புகாரை மூடக் கூடாது, திரையின் மூலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், அது நேரே போலீஸுக்குப் போகும். கடைசியில் பரீட்சை. இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினேன். புகாருக்கு உள்ளானவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியில்தான் ஒன்று போனது. மேலதிகாரியிடம் ஒப்படைப்பேன் என்பது சரியான விடையாம். நானே கவனித்துக்கொள்வேன் என்று குறித்திருந்தேன். பொறுப்பான பதில் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த மாதமே அத்தான் திரையில் வந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அம்மா போனபிறகு என்னை ஆளாக்கியவள் அவள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது, இன்னும் என் காலரைத் திருப்பிப் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்புவாள். அவள் வீட்டு மாடியறையில்தான் நான் இருக்கிறேன். அவள் கணவர், என் அத்தான், வேன் வைத்து வீட்டுச் சாமான் மாற்றிக்கொடுப்பவர். கடலை அவர் காலண்டரில் பார்த்ததோடு சரி. ஆனால் திரையில் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக நின்றார். கப்பல் பொறியாளர், மனைவியை இழந்தவர் என்று போட்டிருந்தது. பின்னால் அக்கா தைத்துப் போட்ட நீலப்பூத் திரைச்சீலை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இறந்துபோன மனைவி அன்று காலையில்தான் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்திருந்தாள்.

புகார் கொடுத்த பெண் தெளிவாக எழுதியிருந்தாள். ஐந்தாம் நாளே வெளிநாட்டில் ஹோட்டல் வேலை என்கிறார், டிக்கெட் எடுத்துவிட்டேன் என்கிறார், பாஸ்போர்ட்டைக் கொடு என்கிறார், பயமாக இருக்கிறது. மூன்று அறிகுறியும் வரிசை மாறாமல் இருந்தன. சிவப்புப் பொத்தான் பக்கம் விரல் போனது உண்மை. ஆனால் போலீஸ் வந்தால் அக்காதான் கதவைத் திறப்பாள். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பட்டியலில் காதல் தகராறு என்று ஒரு காரணம் உண்டு. அதைப் போட்டு மூடினேன். முப்பத்தெட்டு விநாடி.

அன்று மாலை மாடிப்படியில் அத்தானை நிறுத்திக் கேட்டேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ தாங்க மாட்டா."

"நான் ஏன் சொல்றேன் அத்தான்? ஆனா அஞ்சாம் நாளே பாஸ்போர்ட் கேட்டா எவதான் புகார் கொடுக்க மாட்டா? ஒரு மாசம் நல்லாப் பேசுங்க, அப்புறம் கேளுங்க. அந்தத் திரைச்சீலை முன்னாடி நின்னு போட்டோ எடுக்காதீங்க."

சொன்னால் சொன்னபடி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அத்தான் ஒரு மாதம் நல்லபடியாகப் பேசினார். பெண்களிடமிருந்து வந்துகொண்டிருந்த புகார் அடியோடு நின்றது. அதற்குப் பிறகு அவர்களுடைய அம்மாக்களும் தங்கைகளும் எழுத ஆரம்பித்தார்கள். மகள் போய் நாற்பது நாளாகிறது, போன் எடுக்கவில்லை என்கிற மாதிரி. உறுப்பினர் அல்லாதவர் புகார் செல்லாது என்று கம்பெனியில் விதி இருக்கிறது. அதற்குப் பட்டியலில் தனிக் காரணமே உண்டு, படிக்கக்கூட வேண்டாம். மூடுவேன், ஒரு நகலை அத்தானுக்கு அனுப்பிவைப்பேன், அவர் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. அந்தப் பெண்கள் எங்கே என்று அவரைக் கேட்டாயா என்றால், இல்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

போன வாரம் சாப்பிடும்போது அக்கா ஒரு பேச்சை எடுத்தாள். பல்வலியோடு வந்த ஒரு அம்மாள், மகளைக் காணவில்லை என்று வரவேற்பு மேசையிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

"உங்க ஆப்ல புகார் கொடுத்தாளாம்டா. எடுத்துக்கலையாமே?"

"உறுப்பினரா இருக்கணும்க்கா. இல்லேன்னா ஒரே தட்டுல மூடிடுவேன்."

"அப்போ காணாமப்போனவளே வந்து புகார் கொடுக்கணுமா?"

நான் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

புதன்கிழமை மதியம் ஒரு புகார் வந்தது. அன்றைக்குக் காலையில் சேர்ந்த உறுப்பினர், அத்தான் மேல்தான். 'இந்த ஆளின் மனைவி உயிரோடுதான் இருக்கிறாள்' என்று தொடங்கியது. முதல் வரியிலேயே காரணம் தெரிந்துவிட்டால் மேலே படிக்க மாட்டேன், என் வேகத்தின் ரகசியமே அதுதான். காதல் தகராறு என்று போட்டேன். நகலை அத்தானுக்கு அனுப்பினேன். இருபத்திரண்டு விநாடி, இதுவரை என் வேலையில் அதுதான் குறைந்தது.

மீதியை நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். வேனில் இருக்கைக்கு அடியில் மூன்று பெண்களின் பாஸ்போர்ட்டைக் கண்டெடுத்ததாக எழுதியிருந்தாள். கடைசியில், 'இதைப் படிப்பது என் தம்பியாக இருந்தால், கண்ணா, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பார்த்தால் உடனே செய்வாய்.' புகார் கொடுக்கவென்றே அக்கா பொய்ப் பெயரில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாள். அந்த விதியை நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

நாங்கள் அனுப்பும் பதிலின் அடியில் மூடியவரின் எண் இருக்கும். என் சட்டைப்பையில் குத்தும் அட்டையிலும் அதே எண். தினமும் குத்திவிடுகிறவளுக்குத் தெரியாதா? பதிலைப் பார்த்ததும் மூன்று பாஸ்போர்ட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் நடந்தே வந்திருக்கிறாள். நகல் கிடைத்து அத்தான் ஓடிவந்தபோது வீடு பூட்டிக் கிடந்ததாம். அவர் ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். அதை நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த எட்டுப் பேரின் புகார் எண்களையும் வரிசையாக இப்போதே சொல்வேன், ஒன்றுகூடப் பிசகாது. பெயர்களா? அவை இரண்டாம் பத்தியில் இருந்திருக்கும் மேடம். நான் அவ்வளவு தூரம் படிப்பதில்லை.

வரும்போது அக்காவைப் பார்த்தேன், வெளியே பெஞ்சில் இருக்கிறாள். என் காலர் மடங்கித்தான் இருந்தது. அவள் கையை நீட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வலித்தது. கோபம் ஆறினால் புரிந்துகொள்வாள். நான் செய்ததெல்லாம் அவள் மனம் நோகக் கூடாது என்றுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே மேடம். குடும்பத் தகராறு என்று போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கே மூடிவிடலாம்.